தொண்ணூத்தொம்பதும் ஒண்ணும்

நாமளே பண்ணிக்கலாமா, இல்ல வக்கீல் வைக்கணுமா. இதத்தான கேக்க வந்தீங்க? உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேனைப் போடுறேன்.

உங்களை யார் அனுப்பிச்சா? வாக்கிங் வர்ற ஞானசம்பந்தமா? அவர்தான் கே.கே. நகர் பூரா சொல்லிட்டுத் திரியிறாரு, சிவப்பிரகாசம் வக்கீலே இல்லாம தானே ஒரு கம்பெனி ஆரம்பிச்சு வாடகை வீட்டையெல்லாம் அதுக்குள்ள கொண்டு போயிட்டாருன்னு. கொண்டு போனேன். ஆமா. நானேதான் கொண்டு போனேன். ஒரு வக்கீல் வாசப்படி மிதிக்கல. அதுல எனக்கு இன்னிக்கும் பெருமைதான். அந்தப் பெருமை ஒண்ணுதான் எனக்குன்னு மிச்சம்.

உங்களுக்கு அரியமங்கலத்துல லைன் வீடு இருக்குன்னு சொன்னீங்க. நல்லது. அப்பா கட்டுனதா? சரி. எனக்கு யாரும் கட்டி வைக்கல. இந்தக் கட்டடத்துல ஒவ்வொரு செங்கல்லும் நான் வேளாண்மைத் துறையில குனிஞ்சு எழுதி வாங்கினது. கீழ நாங்க. பின்னாடி ரெண்டு சின்ன போர்ஷன். மேல ஒரு பெரிய போர்ஷன், பால்கனியோட. சூப்பரின்டெண்டா ரிடையர் ஆனேன். நான் ட்ராஃப்ட் எழுதி மேல அனுப்புனா ஒரு கமா கூட மாத்தாம கையெழுத்தாகி வரும். எங்க ஜாயின்ட் டைரக்டர் சொல்லுவாரு, சிவப்பிரகாசம் எழுதுனா அதுல ஊசி நுழைய இடம் இருக்காதுன்னு. இதை ஞாபகம் வச்சுக்கங்க. எனக்கு இப்ப வந்திருக்கிற கேடு அதனாலதான்.

மேல ஒரு பேங்க்காரர் குடியிருந்தாரு. மழைக்காலத்துல மாடிப்படியில பாசி புடிச்சிருந்தது. இவ, என் சம்சாரம், தையல்நாயகின்னு பேரு, சொல்லிக்கிட்டேதான் இருந்தா, ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு விடணும்னு. மேல போறதும் வர்றதும் அவன்தான, அவன் தேய்க்கட்டும்னேன். தப்பா? நீங்களும் வாடகை விடுறவரு, சொல்லுங்க. ஒரு நாள் காலையில பேங்க்குக்குக் கிளம்புனவர் வழுக்கி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டாரு. கட்டோட போயி நேரா வக்கீல் நோட்டீஸ் விட்டாரு. என் பேர்ல. நான் வேலை பாத்த காலம் முழுக்க ஒரு மெமோ வாங்கினவன் இல்ல தம்பி. நோட்டீஸை எடுத்துக்கிட்டு நேரா அவர்கிட்டயே போனேன். எப்படியோ பேசி முடிச்சேன். அவரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு.

அன்னிலேருந்து எனக்கு நிம்மதியில்ல. இன்னிக்குக் கை, நாளைக்கு எவனாவது காலை ஒடிச்சுக்கிட்டா? கட்டடமே போயிருமே. அப்பதான் யூடியூப்ல ஒரு பையனைப் பாத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு அழகா சொல்றான். வீடு உங்க பேர்ல இருந்தா கேஸ் உங்க மேல. எல்.எல்.பி.ன்னு ஒண்ணு இருக்கு, கூட்டு சேர்ந்து நடத்துற கம்பெனி மாதிரி. வீட்டை அது பேருக்கு மாத்திட்டா கேஸ் அதோட நிக்கும், உங்க கிட்ட வராது. அமெரிக்காவுல வாடகை வீடு வச்சிருக்கவன் எல்லாம் இப்படித்தான் பண்றானாம். கடைசியில மட்டும், ஒரு வக்கீலைக் கலந்துக்கோங்கன்னான். எல்லா வீடியோவுலயும் கடைசியில சொல்றதுதானன்னு அணைச்சுட்டேன்.

வக்கீல் எதுக்குங்க? அவரு என்ன பண்ணுவாரு? ஒரு மாதிரிப் பத்திரத்தை எடுத்துப் பேரை மாத்துவாரு. அதை நான் பண்ண மாட்டேனா? அவங்க குமாஸ்தா எழுதுறதை விட நான் நல்லா எழுதுவேன்.

அதுக்கு ரெண்டு பங்குதாரர் வேணும். ஒத்தையா ஆரம்பிக்க முடியாது. பையன் ஓசூர்ல இருக்கான். அவனைப் போடலாம். ஆனா மருமக எம்.பி.ஏ. படிச்ச பொண்ணு, கேள்வி கேக்கும். கேள்வி கேக்காத ஆளு வீட்டுக்குள்ளயே இருக்கையில வெளிய எதுக்குத் தேடுறது? இவளைப் போட்டேன். எனக்குத் தொண்ணூத்தொம்பது பங்கு, இவளுக்கு ஒரு பங்கு.

உக்காந்து எழுதினேன் தம்பி. ரசிச்சு எழுதினேன். பெரும்பங்கு உள்ளவர் எடுக்கிற முடிவே முடிவு. எந்தப் போர்ஷனை யாருக்கு விடுறதுங்கிறது அவர் இஷ்டம். பேங்க் கணக்கு அவர் கையெழுத்து. சிறுபங்கு உள்ளவர் ஆட்சேபணை சொன்னா அது கட்டுப்படுத்தாது. பெரும்பங்குக்காரர் சம்மதம் இல்லாம ஒரு வரி மாத்த முடியாது, கலைக்கவும் முடியாது. நாளைக்கே இவளுக்கு ஒண்ணு ஆகி, இவ பங்கு பையன் கைக்குப் போயி, அவன் வந்து அதிகாரம் பண்ணக்கூடாது பாருங்க. எல்லாப் பக்கமும் அடைச்சேன்.

எல்லாம் தயார். நல்ல நாள் பாக்க உறையூர் ஜோசியர்கிட்ட போனேன். ஜாதகத்தைப் பாத்துட்டு அவர் முகம் மாறிப் போச்சு. அஷ்டமச் சனி. சனிப்பெயர்ச்சி வரைக்கும் உங்க பேர்ல எதையும் ஆரம்பிக்காதீங்க, இருக்கிறதும் போயிரும்ங்கிறாரு. சம்சாரம் ஜாதகத்தைக் கொண்டாங்கன்னாரு. கொண்டு போனேன். அம்மா ஜாதகம் அமோகமா இருக்கே, அவங்க பேர்ல ஆரம்பிங்க, பெயர்ச்சி முடிஞ்சதும் மாத்திக்கலாம்னுட்டாரு. நம்ம ஊர்ல யாரு பண்ணல? ஆட்டோ வாங்குறவன் சம்சாரம் பேர்ல வாங்குறான், கடை வைக்கிறவன் சம்சாரம் பேர்ல வைக்கிறான். பேருதான் அவங்க பேரு. நடத்துறது யாருன்னு ஊருக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். எழுதி வச்சதை எடுத்தேன். என் பேர் இருந்த இடத்துல எல்லாம் அவ பேரு, அவ பேர் இருந்த இடத்துல என் பேரு. அவ்வளவுதான் மாத்துனேன். வேற ஒரு எழுத்தைத் தொடல. அவ்வளவு அழகா எழுதியிருக்கோம், எதுக்குக் கலைக்கணும்னு பட்டுது.

தையல்நாயகி எஸ்டேட்ஸ். பேரே அவ பேருதான், வாசல்ல பாத்திருப்பீங்க. ஆன்லைன்ல கையெழுத்துப் போட, ஓ.டி.பி. வாங்க, அவளுக்குன்னு தனி நம்பர் வேணும்னாங்க. அதுவரைக்கும் அவகிட்ட போன் கிடையாது. எதுக்கு, லேண்ட்லைன் இருக்கே. நான்தான் வாங்கிக் கொடுத்தேன், நல்ல போனா. ஓ.டி.பி. வந்தா எடுத்துட்டு வந்து நீட்டுவா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. சார்பதிவாளர் ஆபீஸ்ல கட்டடத்தை அந்தப் பேருக்கு மாத்தினப்பவும் கூட வந்தா, கைரேகை வச்சா, ஃபோட்டோவுக்கு நின்னா. வர்ற வழியில மார்க்கெட்ல இறங்கிக் கீரை வாங்கினா. அப்படிப்பட்டவதான்.

சனிப்பெயர்ச்சி வந்தது. திருநள்ளாறு போய்க் குளிச்சுட்டு வந்தேன். பங்கை மறுபடி என் பேருக்கு மாத்துறதுக்குப் பத்திரம் எழுதினேன். அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. கையைத் துடைச்சுட்டு இதுல ஒரு கையெழுத்துப் போடுன்னேன்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுறேங்க"ன்னா.

நான் சிரிச்சுட்டேன் தம்பி. என்ன இருக்கு அதுல படிக்கன்னேன். இருக்கட்டும்னு வாங்கி வச்சுக்கிட்டா. அதோட விடல, பழைய பத்திரத்தையும் கேட்டா. நானே பீரோவுலேருந்து எடுத்துக் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் சமையல்கட்டு வாசல்ல உக்காந்து படிப்பா. விரலை வச்சு வரி வரியா. பொழுதுபோகாம படிக்கிறான்னு இருந்தேன். எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமை கூட. என் எழுத்தை அவ படிச்சதே இல்லையே.

கையெழுத்து மட்டும் போட்டுத் தரல. அப்புறம் ஒரு நாள் வாக்கிங் முடிச்சுட்டு வர்றேன், இஸ்திரிக்காரர் சம்சாரமும் இவளுமா கிரைண்டரைத் தூக்கிட்டு மாடி ஏறுறாங்க. படியெல்லாம் தேச்சுப் பளிச்சுனு இருக்கு. மாடி வீட்டுக்கு யாரோ குடி வர்றாங்க போல, சாமான் வாங்கிக் குடுத்து உதவி பண்றான்னு நினைச்சேன். என்னைக் கேக்காம யாருக்கு விட்டேன்னு கீழ நின்னு சத்தம் போட்டேன். இறங்கி வந்து ஒரு காகிதத்தைக் குடுத்தா.

வாடகை ஒப்பந்தம். வீட்டை விடுறது தையல்நாயகி எஸ்டேட்ஸ். குடி வர்றது தையல்நாயகி. ரெண்டு பக்கமும் அவ கையெழுத்துதான்.

நம்ப மாட்டீங்க, ஆனா நடந்தது இதுதான். கட்டின புருஷனை விட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போறவங்க உண்டு, பிள்ளை வீட்டுக்குப் போறவங்க உண்டு. இவ மாடிக்குப் போனா. வாடகை கட்டிக்கிட்டு. எல்லா வாடகையும் அவ கையெழுத்துல ஓடுற கணக்குக்குத்தான் போகுது, அதுல தன் பேருக்கு வர்றதுலேருந்து எடுத்து ஒண்ணாந்தேதி டாண்ணு கட்டிடுறா. என் பங்கும் ஒழுங்கா வந்துருது. நான் வாடகைக்காரங்களுக்கு வழக்கமாப் போடுற நிபந்தனை எல்லாம் அப்படியே போட்டிருக்கா. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, மோட்டாரை நேரத்துக்குத்தான் போடணும், எல்லாம். ஒண்ணே ஒண்ணை மட்டும் அடிச்சிருந்தா. சொந்தக்காரங்களைத் தங்க வைக்கக் கூடாதுங்கிறதை.

அது ஏன்னு கேக்குறீங்களா? அது ஒரு பழைய கதை, இதுக்கு சம்பந்தமில்ல. இருந்தாலும் சொல்றேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி மேல் வீடு கொஞ்ச நாள் காலியா கிடந்தது. லால்குடியில இவ அம்மா விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டாங்க. அண்ணன் வீட்ல பாக்க ஆள் இல்ல, இங்க கொண்டாந்து வச்சுக்கட்டுமான்னா. முடியாதுன்னேன். சரி, வாடகைக்காவது குடுங்க, அண்ணன் கட்டுவாருன்னா. சொந்தக்காரங்களை வாடகைக்கு வைக்கிறவன் உருப்பட மாட்டான், வாடகையும் வராது, உறவும் போயிரும்னேன். இது எல்லாருக்கும் நான் சொல்ற கொள்கை, உங்களுக்கும் சொல்றேன். அந்தம்மா மகன் வீட்ல மாட்டுக்கொட்டகை ஓரமா ஒரு அறையில கிடந்து காலமாயிட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? போனேன். மாலை போட்டேன். காரியம் முடியிற வரைக்கும் கூடவே இருந்தேன். ஒரு குறை வைக்கல. இவளும் அதைப்பத்தி அதுக்கப்புறம் வாயைத் திறந்ததில்ல. இத்தனை வருஷம் கழிச்சு அந்த வரியை எதுக்கு அடிக்கணும்? அம்மாதான் இல்லையே.

பையனுக்கு போன் போட்டேன். அப்பா, கொஞ்ச நாள் விடுங்கன்னான். பின்னாடி மருமக குரல் கேட்டுச்சு, சிரிக்கிற மாதிரி இருந்துது. வச்சுட்டேன்.

கடைசியில போனேன், வக்கீல்கிட்ட. கன்டோன்மென்ட்ல அருள்தாஸ்னு ஒருத்தர். வயசானவரு, நிதானமா பேசுறவரு. பத்திரத்தை வாங்கிப் படிச்சாரு. நடுவுல தலையைத் தலையை ஆட்டுறாரு. முடிச்சுட்டு, இதை எந்த வக்கீல் எழுதினதுன்னாரு. நான்தான் சார்னேன். எந்திரிச்சுக் கை குடுத்தாரு தம்பி. பிரமாதமா எழுதியிருக்கீங்க, நான் எழுதியிருந்தா கூட எங்கயாவது ஒரு சந்து விட்டிருப்பேன், இதுல நுழையவே முடியாது, அந்தம்மாவை யாரும் அசைக்க முடியாதுன்னாரு.

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு முதல்ல சந்தோஷமா இருந்தது. உண்மையைச் சொல்றேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்தது.

அப்புறம் கேட்டாரு, உங்களுக்கு இதுல என்ன நஷ்டம்? வாடகை வருதா, வருது. உங்க பங்கு வருதா, வருது. கட்டடத்தைப் பாழாக்குறாங்களா, இல்ல, வெள்ளையடிச்சிருக்கா, படிக்குக் கைப்பிடி போட்டிருக்கா. அப்ப என்ன புகார்னாரு. கீழ வர மாட்டேங்குறா சார்னேன். அதுக்கு இந்தச் சட்டத்துல இடமில்லைங்கன்னுட்டாரு. வேணும்னா சேர்ந்து வாழணும்னு குடும்ப நீதிமன்றத்துல ஒரு மனு போடலாம்னாரு. அறுபத்தெட்டு வயசுல அந்த மனுவைத் தூக்கிக்கிட்டு நான் போய் நிக்கணும். அதையும் பண்ணிடலாம்னுதான் இருந்தேன். ஆனா அவங்க ஏன் உங்களை விட்டுப் போனாங்கன்னு மனுவுல எழுதணும்ன்னாரு. தெரியாது சார்னேன். கேட்டுட்டு வாங்கன்னாரு.

கேக்கத்தான் மாடிக்குப் போனேன். என் வீட்டு மாடிக்கு, நான் கட்டின மாடிக்கு, செருப்பை வெளிய விட்டுட்டு கதவைத் தட்டிக்கிட்டு நின்னேன். திறந்தா. வாங்க, உக்காருங்கன்னா. எப்படித் தெரியுமா? வீட்டுக்கு வந்த மூணாம் மனுஷரை வாங்கங்கிற மாதிரி. கோவம் இல்ல, முகத்தைத் தூக்கல. திட்டியிருந்தா கூட எனக்கு ஆறியிருக்கும். காபி போட்டுக் கொண்டாந்து வச்சுட்டு எதிர்ல நாற்காலியைப் போட்டு உக்காந்தா. அவ என் எதிர்ல நாற்காலியில உக்காந்து நான் பாத்ததில்ல. எனக்கு என்னமோ ஆபீஸ்ல புது மேலதிகாரிகிட்ட போய் உக்காந்த மாதிரி ஆயிருச்சு. பால்கனியில துளசி வச்சிருக்கா. ரேடியோ பாடுது. அவளுக்குப் பாட்டுப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாது.

எப்ப கீழ வரப்போறேன்னேன். கீழ எனக்கு என்ன வேலைன்னா. நான் இருக்கேனேன்னேன். நான் அப்படி ஒரு வார்த்தை அவகிட்ட பேசினதே கிடையாது தம்பி, வாயில எப்படி வந்துச்சுன்னு தெரியல. ஆமா இருக்கீங்கன்னா. காபி ஆறுது, குடிங்கன்னா.

ஒரு வாய் குடிச்சேன். நீ ஏன் போனேன்னு வக்கீல் எழுதச் சொல்றாரு, காரணம் சொல்லுன்னேன்.

"நீங்களே எழுதிக்கங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே"ன்னா.

கீழ வந்து உக்காந்தேன். தாளை எடுத்து வச்சேன். மனுதாரரின் மனைவியான எதிர்மனுதாரர், எவ்விதக் காரணமும் இன்றி... அதுக்கு மேல பேனா ஓடல. நான் எழுத உக்காந்து எழுதாம எந்திரிச்சது வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். அடிச்சிருக்கேனா? கிடையாது. குடி உண்டா? கிடையாது. சோத்துக்குக் குறை வச்சேனா? நீங்களே சொல்லுங்க, என்ன காரணம் எழுத முடியும்?

வெறும் கையோட அருள்தாஸ்கிட்ட போனேன். எதுவும் எழுத வரல சார்னேன். நான் முன்னாடி குடுத்துட்டு வந்த பத்திரக் கட்டை அவர் பிரிக்கவே இல்ல, திருப்பி என் கையில குடுத்துட்டாரு. அப்பதான் ஆத்திரத்துல கேட்டேன். நான் முதல்லயே உங்ககிட்ட வந்திருந்தா நீங்க என்ன புதுசா பண்ணியிருப்பீங்கன்னு.

அவர் சொன்னாரு, ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன், பத்திரம் எழுத வர்ற எல்லாரையும் கேக்குற மாதிரி உங்களையும் ஒண்ணு கேட்டிருப்பேன். நாளைக்கு இந்தம்மா உங்களுக்கு எதிரா நின்னா என்ன பண்ணுவீங்கன்னு. அவ்வளவுதான் எங்க தொழில்.

அதனால உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல? நீங்களே பண்ணுங்க, இல்ல வக்கீல் வைங்க. வச்சிருந்தாலும் எனக்கு இதேதான் நடந்திருக்கும். அவர் அப்படிக் கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? சிரிச்சிருப்பேன். இவளா சார், இவளுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது, நீங்க எழுதுங்கன்னு சொல்லியிருப்பேன். அவ பக்கத்து நாற்காலியில உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்பா.